கண் வறட்சியும் தலைவிதியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கண் வறட்சி என்னும் வியாதியைப் பற்றியதாகும். இது டாக்டர் பேச வேண்டிய பேச்சல்லவா, இந்த மேடையில் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். டாக்டரிடம் போவதற்கு முன் நம் ஜனங்கள் எங்கெங்கெல்லாம் போய்த் திரும்புகிறார்கள் என்பதை யோசித்துப் பார்த்தால், இங்கு பேசுவது தப்பல்ல என்பது விளங்கும்.

கண்ணில் மணல் விழுந்தாற்போல் அறுக்கும், எரியும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், வெளிச்சம் கூசும், சாயங்காலத்தில் எழுத்து மங்கும். இப்படி வந்தவுடன் ஒருவர் திருஷ்டி என்கிறார். ஒருவர் பூர்வ ஜென்ம பாவம் என்கிறார். மற்றொருவர் அம்மனுக்குக் கண்மலர் சாத்தச் சொல்லுகிறார். வெள்ளிக் கண்மலர் உண்டியலில் விழுகிறது. கண்ணோ முன்போலவே எரிகிறது. போகட்டும், வெள்ளிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் தாய்ப்பாலையும் இலைச்சாற்றையும் கண்ணில் பிழிந்து, கருவிழியில் புண் உண்டாகிப் பார்வையை இழப்பவர்கள் விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியுமா?

இதைவிடக் கொடுமையான சங்கதி ஒன்று உண்டு. இவ்வியாதியில் ஒரு வகை முற்றினால், எவ்வளவு துக்கம் வந்தாலும் கண்ணில் நீர் வராது. அந்த வகை பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது. 10 பேருக்கு வந்தால் சுமார் 9 பேர் பெண்கள். புருஷன் செத்த வீட்டில் ஒரு பெண் கண்ணீரில்லாமல் உட்கார்ந்திருந்தால் நம் ஊர் என்ன சொல்லும்? கல்நெஞ்சக்காரி என்று சொல்லும். அதற்கு மேலும் சொல்லும். உள்ளே நெஞ்சு வெடிக்கிறது. வெளியே சுரப்பி வற்றிக் கிடக்கிறது. வியாதியை அறியாத ஊர் அவளுடைய குணத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. மனைவியை இழந்த ஆணின் கண்ணை இப்படி யாராவது அளந்து பார்க்கிறார்களா?

இந்த வகையைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ஸ்வீடன் தேசத்துக் கண் டாக்டர் ஹென்ரிக் ஷோக்ரன் என்பவர். 1933-ல் 19 பெண்களைப் பரிசோதித்து எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டு வாதமும் இருந்தது. கண்ணையும் வாயையும் மூட்டையும் தனித்தனியே பாராமல் சேர்த்துப் பார்த்தார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் பகையென்று எண்ணித் தாக்குவதுதான் காரணம் என்பது இப்போது தெரிந்திருக்கிறது. இதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

நிற்க, எல்லாக் கண் வறட்சியும் இதுவென்று நினைத்துவிடக் கூடாது. கண்ணீர் என்பது வெறும் நீரல்ல. நீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. இமையோரத்தில் வரிசையாக உள்ள சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தருகின்றன. அவை அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். மிகப் பலருக்குக் காரணம் இதுதான். உறுத்தல் தாங்காமல் கண் தண்ணீராய்க் கொட்டுவதும் உண்டு. கொட்டுகிற கண்ணுக்கு வறட்சியா என்று சிரித்துவிடாதீர்கள். செல்போனை உற்றுப் பார்ப்பவர் இமைப்பதையே மறக்கிறார். சளி, அரிப்புக்குத் தின்னும் சில மாத்திரைகளும் கண்ணைக் காயவைக்கும். குழந்தைக்கு மாலைக்கண்ணும் வறட்சியும் சேர்ந்து வந்தால் அது ஏ வைட்டமின் குறைவு. தாமதித்தால் கண்ணே போகும்.

ஆகவே முதலில் காரணத்தைத் தேடவேண்டும். 1903-ல் ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர் கூறிய சோதனை இன்றும் வழக்கிலிருக்கிறது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு காகிதத் துண்டைக் கீழிமையில் மாட்டி 5 நிமிஷம் விடுவார்கள். நனைந்த நீளம் 5 மில்லிமீட்டருக்கும் குறைவென்றால் வறட்சி கடுமை. காலணாக் காகிதம் சொல்லும் சேதியை எந்த ஜோசியரும் சொல்ல முடியாது.

எண்ணெய்ச் சுரப்பி அடைத்தவர்கள் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சூடு பொறுக்குமளவில் மூடிய இமைமேல் தினம் 10 நிமிஷம் வைத்து, பிறகு இமையை மெதுவாக நீவிவிட வேண்டும். விசிறிக் காற்று முகத்தில் நேரே படக்கூடாது. செயற்கைக் கண்ணீர் மருந்தை அடிக்கடி விட வேண்டியவர்கள், கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கலவாததாகக் கேட்டு வாங்க வேண்டும். கடுமையானவர்களுக்குக் கண்ணீர் வடியும் துவாரத்தைச் சிறு அடைப்பானால் அடைப்பதுண்டு. அவரவர் இரத்தத்திலிருந்தே சொட்டு மருந்து செய்து விடுவதும் உண்டு. மேல்நாட்டான் சொன்னதையெல்லாம் நம்பும்படியும் நாம் சொல்லவில்லை. மீன் எண்ணெய் மாத்திரை கைகண்ட மருந்தென்று அங்கேயே பேசினார்கள். 2018-ல் வெளியான பெரிய சோதனையில் அது ஆலிவ் எண்ணெய்க்கு மேல் ஒன்றும் சாதிக்கவில்லை என்று தெரிந்தது.

மருந்துக் கடைக்காரரிடம் கண் சிவப்புக்கு என்று கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிறார்களே, அதனால் கண்புரையும், கண்ணுள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சாவதும் நேரும்.

தாய்மார்களுக்கு ஒன்று. கண்ணோடு வாயும் காய்ந்து, தண்ணீரின்றி உலர்ந்த பண்டத்தை விழுங்க முடியாமல், பல் சொத்தையாகி, மூட்டும் வலித்தால், அவ்வளவையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். தின்கிற மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிள்ளை பெறும் வயதுள்ள பெண்ணானால் இது இன்னும் அவசியம். ஏனெனில் அந்த இரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்பொருள் சில சமயம் வயிற்றுச் சிசுவின் இருதயத் துடிப்பைத் தடைசெய்யும். முன்கூட்டித் தெரிந்தால் கர்ப்ப காலத்திலேயே சிசுவின் துடிப்பைக் கவனித்துவர முடியும்.