மைட்டர் வாளும் நம் பிள்ளைகளும்

(தச்சுவேலை பழகும் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனால் உங்கள் கையில் மைட்டர் வாளைத்தான் கொடுப்பார்கள். கைவாள் மெதுவாக அறுப்பதை அது நொடியில் அறுக்கும். விரலையும் அப்படித்தான்.

சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் அடிக்கும் கிரவுண் மோல்டிங் சாய்ந்து நிற்கிற சட்டம். அதை மல்லாக்கப் போட்டு 45 பாகையில் வெட்டினால் மூலை வாய் பிளக்கும். தலைகீழாக வையுங்கள்: சீலிங் பக்கம் வாள் மேசையில், சுவர்ப் பக்கம் பின்தடுப்பில். இப்போது 45 சரிவரும், மூலை 90 ஆக இருந்தால். எந்தச் சுவர் அப்படி நிற்கிறது? மூலையை அளந்து, பாதியை 90இல் கழியுங்கள். 92 என்றால் பாதி 46. வாளை 44இல் வையுங்கள்.

அலுமினியத்துக்கு அதற்கென்று செய்த கார்பைட் பல் தட்டுப் போட்டு, சட்டத்தைக் கிளாம்பில் இறுக்கிய பிறகே வெட்டலாம். மரம் அறுக்கிற தட்டை இரும்பில் வைக்கவே வேண்டாம்.

கை 6 அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். கண்ணாடி போடுங்கள், கையுறை வேண்டாம், பல் இழுத்துவிடும். வெட்டியதும் சுவிட்சை விட்டு, தட்டு நின்ற பிறகே தூக்குங்கள்.

சில இடங்களில் வேலை ஓடணும் என்று தட்டின் மூடியைக் கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். அந்த வாளைத் தொடாதீர்கள். பாஸ் ஏசினால் ஏசட்டும். "மூடிய அவிழ்த்து விடுங்க, வெட்டுறேன்" என்று மரியாதையாகவே சொல்லுங்கள்.