கணனிக்கும் காலமறிதல் வேண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்து வாலிபர் மேடையில் பேச எழுபவர்கள் திருமுறையின் மாண்பையோ, நாயன்மார் சரித்திரத்தையோ எடுத்துக்கொள்வதே வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்டதோ ஓர் இயந்திரத்தைப் பற்றிய விஷயம். ஒரு கணனியின் பணிசெயல் முறைமையை எப்பொழுது மாற்றுவது என்பதே அது. "இதற்கும் ஒரு பிரசங்கமா? வரக்காப்பொலைக் கடைத்தெருவில் கொடுத்தால் பின்னேரத்துக்குள் போட்டுத் தருவார்களே!" என்று சபையிற் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. போடுவது கடைக்காரர் வேலை. எப்பொழுது போடுவது என்று தீர்மானிப்பது நமது வேலை. அந்தத் தீர்மானத்தைச் செய்யாமல் விட்டதனால் இச் சங்கம் அடைந்த நட்டம் உங்களுட் பலருக்குத் தெரியும். அதனைப் பின்னர் சொல்வோம்.

பணிசெயல் முறைமை என்பது பாடப்புத்தகத்துச் சொல். நாம் வழக்கமாக "விண்டோஸ்" என்கிறோமே, அது அவ்வகையில் ஒன்று. விடியற்காலையிலே பெரட்டுக்களத்தில் நின்று, யார் யார் எங்கே பால் வெட்டுவது என்று பிரித்துக் கொடுக்கும் கங்காணியாரை நாம் அறிவோம். அவ்வாறே விசைப்பலகைக்கும், அச்சுப்பொறிக்கும், நினைவகத்துக்கும், நாம் எழுதும் கடிதத்துக்கும் வேலை பகிர்ந்து கொடுப்பது இம் முறைமை. இதற்கு இன்னொரு கடமையும் உண்டு. வாசலைக் காப்பதும் இதுவே.

மனிதர் செய்த எந்த வேலியிலும் ஓட்டை இருக்கும். விண்டோஸிலும் ஓட்டைகள் மாதாமாதம் அகப்படுகின்றன. அவற்றை அடைப்பதற்கான திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அனுப்புகிறது. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. அந்நாளுக்குப் பின் அதற்கு வழக்கமான திருத்தம் வராது. விண்டோஸ் எக்ஸ்பி பதிப்புக்கு அந்நாள் 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14.

அன்றைய தினம் கணனி நின்றுவிடுமா? நின்றுவிடாது. அடுத்த நாட் காலையிலும் வழக்கம்போலவே விழிக்கும், எழுதும், அச்சடிக்கும். நம்மை ஏமாற்றுவது இதுவே. கள்வன் என்ன செய்கிறான்? புதிய பதிப்புக்கு வந்த திருத்தத்தைப் பிரித்துப் பார்க்கிறான். எந்த இடத்தை அடைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டு, அடைக்கப்படாத பழைய பதிப்பிலே அதே இடத்தைத் தேடுகிறான். ஆகவே பழைய வீட்டின் ஓட்டையைக் கள்வனுக்குக் காட்டிக் கொடுப்பது புதிய வீட்டின் பூட்டேயாகும்.

நாம் படித்த மிஷன் பாடசாலையிலே, பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை வைத்துத் தைக்கலாகாது என்னும் உவமையைக் காலைப் பிரார்த்தனையிற் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒட்டுப்போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதே அதிலிருந்து நாம் இன்று எடுத்துக்கொள்ளும் பாடம்.

நிற்க. தாமதத்தால் வரும் கேட்டுக்கு உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26ஆந் திகதியை நினைவூட்டுகிறோம். அன்று நமது நாட்டு அரசாங்க மின்னஞ்சற் சேவை கப்பங் கேட்கும் ஒரு நச்சுநிரலால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகளில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயின. அச் சேவை எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் அஞ்சல் மென்பொருளில் நடந்து வந்தது. அதற்குத் திருத்தம் வருவது அவ்வாண்டு ஏப்ரல் 11ஆந் திகதியே நின்றுவிட்டது. 2021ஆம் ஆண்டு முதலே மாற்றுவதற்குத் திட்டம் இருந்ததென்றும், பணமின்மையாலும் முந்திய சபைத் தீர்மானங்களாலும் அது தாமதமாயிற்றென்றும் பொறுப்பான முகவர் நிலையம் தெரிவித்தது. இது பணிசெயல் முறைமையன்று, அஞ்சல் மென்பொருளே. ஆயினும் பாடம் ஒன்றே. மாற்றவேண்டாம் என்று ஒருவரும் தீர்மானிக்கவில்லை. பிறகு பார்ப்போம் என்று விடப்பட்டது. பிறகு பார்ப்போம் என்பதும் ஒரு தீர்மானமே. ஆனால் அதற்குக் கையொப்பமிட ஆள் கிடையாது.

புதிய பதிப்பை வைத்திருந்தாற் போதுமா என்றால், போதாது. 2017 மார்ச் 14ஆந் திகதி ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. மே 12ஆந் திகதி "வன்னாகிரை" என்னும் நச்சுநிரல் அதே ஓட்டையால் ஏறக்குறைய 150 நாடுகளிற் புகுந்தது. இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியசாலைகள் பல நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. பாதிக்கப்பட்ட கணனிகளிற் பெரும்பாலானவை அக்காலத்தில் இன்னும் திருத்தம் பெற்றுக்கொண்டிருந்த விண்டோஸ் 7 கணனிகளே. இரண்டு மாதமாக மருந்து இருந்தது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

அப்படியானால் புதிது வந்த அன்றே ஓடிப் போடுவதா? அதுவும் தகாது. 2018 ஒக்டோபர் 2ஆந் திகதி விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய மாற்றத்தை வெளியிட்டார்கள். முந்திக்கொண்டு போட்டவர்கள் சிலருடைய கோப்புகள் அழிந்து போயின. சில நாட்களுக்குள் அதனை நிறுத்தி, பிழை திருத்தி, நவம்பரில் மீண்டும் வெளியிட்டார்கள். அதுவரை பொறுத்தவர்களுக்கு அந்தக் கேடு நேரவில்லை.

அவசரமும் ஆகாது, தாமதமும் ஆகாது என்றால், நடுவழி எது? நம் வள்ளுவப் பெருந்தகையிடம் கேட்போம். திருக்குறளில் 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. அடுத்து வலியறிதல், அதன்பின் காலமறிதல், அதன்பின் இடனறிதல். இந்த நான்கும் இந்த ஒழுங்கிலேயே நிற்கின்றன. அரசனுக்குச் சொன்ன ஒழுங்கு அச்சகத்துக்கும் சங்கத்துக்கும் பொருந்தும்.

முதலாவது தெரிந்து செயல். மாற்றுவதற்கு முன் இக் கணனியை நம்பி எந்தெந்த வேலை நடக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதவேண்டும். நமது ஆண்டு மலரையே பாருங்கள். பழைய மலர்கள் "பாமினி" எழுத்துருவிலே, பேஜ்மேக்கர் மென்பொருளிலே கோக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்தது. பாமினி எழுத்துரு இல்லாத கணனியில் அம் மலர்களைத் திறந்தால், பெரியோர்களின் வாழ்த்துரையெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்ச் சிதறிக் கிடக்கும். ஆதலின் அவற்றை யூனிகோட் தமிழுக்கு மாற்றி, அச்சுப் பிரதியையும் படமாக எடுத்து வைக்கவேண்டும். இவ்வேலை முடியுமுன் முறைமையை மாற்றுவது, புது வீடு கட்டுமுன் பழைய கூரையைப் பிரிப்பதாகும்.

இரண்டாவது வலியறிதல். இயந்திரத்தின் வலியையும் நமது மடியின் வலியையும் அறியவேண்டும். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி இடமும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இன்டெல் கணனியானால் பெரும்பாலும் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவை இதற்கு ஏற்றவையல்ல. குறுக்கு வழியிற் போட்டுத் தருவோர் உண்டு. அப்படிப் போட்டதற்குத் திருத்தம் தொடர்ந்து வருமென்று தயாரித்தவர்கள் உறுதி சொல்வதில்லை. புதிய கணனி வாங்கலாமென்றாலோ, 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவளவிலிருந்து 350 ரூபாவுக்கு மேலே ஏறியதை எந்தத் தோட்டத்துக் குடும்பம் மறக்கும்? ஆனால் வழி அடைபடவில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷம் திருத்தம் அனுப்புகிறார்கள். யூனிகோட் தமிழ் அதிலே நன்றாக இயங்கும். மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதுவோர்க்கும் அதுவே போதும். பேஜ்மேக்கர் அதில் நேராக ஓடாது. அதற்கென்று ஒரு பழைய கணனியை இணையத் தொடர்பை அறுத்துத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது காலமறிதல். நமது இறப்பர் மரங்களைப் பார்த்தே இதைக் கற்கலாம். நட்டு ஆறேழு வருஷத்திற் பால் வெட்டுகிறோம். ஏறக்குறைய முப்பது வருஷமானதும் மீள் நடுகை. பால் முற்றாக வற்றும்வரை காத்திருப்பதுமில்லை, தோட்டம் முழுவதையும் ஒரே வருஷத்தில் வெட்டிச் சாய்ப்பதுமில்லை. பகுதி பகுதியாகச் செய்வார்கள். நாமும் ஒரு கணனியை முதலில் மாற்றி, ஒரு மாதம் பாவித்துப் பார்த்து, மற்றவற்றை மாற்றவேண்டும். மாதந்தோறும் வரும் திருத்தத்தை அந்தந்த வாரமே போடவேண்டும். பெரிய பதிப்பு மாற்றத்துக்குச் சில மாதம் பொறுக்கலாம். ஆனால் முடிவு நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே வேலை முடியவேண்டும். மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் தொடங்கக்கூடாது. ஐப்பசி மாதத்து இடிமழைப் பின்னேரத்திலும் தொடங்கக்கூடாது. பாதி வேலையில் மின்சாரம் நின்றால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகிவிடும்.

நான்காவது இடனறிதல். இங்கேதான் நம் சங்கத்தின் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. முன்பிருந்த நமது கணனி விண்டோஸ் 7இல் ஓடியது. 2020இல் முடிவு நாள் கடந்தது நமக்கெல்லாம் தெரியும். அடுத்த கூட்டத்தில், அடுத்த கூட்டத்தில் என்று தள்ளினோம். ஒருநாள் யாரோ கொண்டுவந்த பென் டிரைவைச் செருகியதும் எல்லாக் கோப்பும் பூட்டுண்டன. பிரதி எடுத்து வைத்திருந்தோமா? வைத்திருந்தோம், அதே கணனியில்! மாலை வகுப்புப் பதிவுகள் போனதைப் பொறுக்கலாம். பிறப்புச் சான்றிதழுக்காகத் தோட்டத்து மக்கள் கொடுத்த பழைய கடதாசிகளைப் படமெடுத்து வைத்திருந்தோமே, அவையும் போயின. மூலக் கடதாசி மழையில் நனைந்து அழிந்துவிட்டதென்று ஒரு முதிய தாயார் நமது பிரதியைக் கேட்டு வந்தார். "இல்லை, அம்மா" என்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை.

ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி மற்றவர்களைவிட நமக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின், பாட்டனார் பிறந்த இடத்தைக் காட்டும் கடதாசி இல்லாமல் நாடற்றவர்களாய் நின்ற சமூகம் நாம். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தத் துயரம் தீரவில்லை. அப்படிப்பட்ட நாமே கடதாசியைக் காக்கத் தவறலாமா?

ஆதலின் பிரதி ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். 2016 மே 17ஆந் திகதி நமது கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுக்குள் அகப்பட்டன. ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரதி இருப்பது ஒரு பிரதி இருப்பதற்குச் சமம் என்பதை அந்த மண் நமக்குக் கற்பித்தது.

அன்பர்களே! ஆண்டுதோறும் சரஸ்வதி பூசைக்குக் கணனிக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். நல்ல வழக்கமே. பொட்டு வைக்குமுன் மூன்று கேள்வி கேட்போம். இதன் முடிவு நாள் எது? இதன் பிரதி எங்கே இருக்கிறது? மாற்றவேண்டிய நாளில் மாற்றுவதற்குப் பொறுப்பானவர் யார்? மூன்றுக்கும் விடையை அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, பொறுப்பானவர் கையொப்பமிடட்டும். விடை இல்லாத வருஷம், அதுவே மாற்றவேண்டிய வருஷம்.

இவ்வாண்டு அப் பொறுப்பை ஏற்க நாம் முன்வருகிறோம். அந்தத் தாயார் இன்னொரு முறை நமது வாசலுக்கு வருவாரானால், வெறுங்கையோடு அவரை அனுப்பாதிருக்கக் கலைமகள் அருள் புரிவாளாக.