செவிலியர்க்கு ஈயும் ஞானதானம்

 

உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமண இல்லத்துச் சிறுபிள்ளைகளும் விரல் மடக்கிச் சொல்லுவர். உணவு தானத்திற்குப் பந்தி உண்டு. மருந்து தானத்திற்கு மருத்துவ முகாம் உண்டு. நூல் தானத்திற்கு அச்சகம் உண்டு. அபய தானத்தை மட்டும் பலரும் கூண்டுப் பறவையைத் திறந்து விடுவதோடு முடித்துவிடுகின்றனர். மருந்தும் நூலும் அபயமும் ஒரே செயலில் ஒன்றுகூடும் இடம் ஒன்று உண்டு. புற்றுநோயாளியைப் பேணும் செவிலியர்க்கு அப்பணிக்குரிய கல்வியை அளிப்பதே அது. உலகின் பல நாடுகளில் இக்கல்விக்குப் பொருள் தருவோருள் மருந்து நிறுவனங்களும் பிற வணிக நிறுவனங்களும் உள்ளன. அவை தரும் பொருள் தானமா, வாணிகமா? இவ்வுரை ஆராயப் புகுவது அவ்வினாவையே.

பழைய அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. நோயாளியைப் பேணுபவர்க்கு அச்சொல்லையே தமிழ் எடுத்து வழங்கியது பொருத்தமுடைத்து. ஆயினும் சொல்லில் உள்ள தாய்மை ஒரு மயக்கத்தையும் தருகிறது. அன்பு ஒன்றே இப்பணிக்குப் போதும் என்று எண்ண வைக்கிறது. அது போதாது.

வேலியோரங்களில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை யாவரும் அறிவர். அச்செடியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றியமையாதது. அதனை இரத்த நாளத்தில் மட்டுமே செலுத்த வேண்டும். அதே குழந்தைக்கு வேறொரு மருந்தைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. இரண்டும் இடம் மாறினால், வின்கிரிஸ்டின் தண்டுவட நீரில் கலந்தால், குழந்தை பிழைப்பது அரிதினும் அரிது. இப்பிழை பல நாடுகளில் நேர்ந்திருக்கிறது. ஆகவே, இம்மருந்தை ஊசிக்குழலில் நிரப்பாமல் சிறு பையில் நீர்த்து ஏற்ற வேண்டும் என 2007-இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அந்தப் பையைச் சரிபார்த்துத் தொங்கவிடும் கை பெரும்பாலும் செவிலியின் கை. மருந்து நாளத்திற்கு வெளியே கசிந்தால் சதை வெந்து போகும். முதல் எரிச்சலிலேயே அதனை அறிந்து நிறுத்துபவரும் அவரே. கீமோ சிகிச்சைக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் 38 பாகை செல்சியசைத் தாண்டும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலன்று. ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற வேண்டும் என்பது விதி. மருந்தைக் கலக்கும்போது தம் தோலிலும் மூச்சிலும் அது படாமல் காத்துக்கொள்ளும் முறையும் அவர் கற்க வேண்டியதே. பொதுச் செவிலியப் படிப்பு இவற்றைத் தொட்டுச் செல்லுமேயன்றிக் கைவரச் செய்யாது.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னனை நம் நூல்கள் கூறும். தொழுநோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன், உண்ட உணவை அவன் மேலேயே உமிழ்ந்தான். மன்னனும் தேவியும் அருவருப்பின்றி அம்முனிவரைத் தூய்மை செய்தனர். இவ்வளவும் கதை கேட்டோர் அறிந்ததே. ஆனால், அவ்வேளையில் மன்னன் எண்ணியது யாது? ஒவ்வாத உணவை இட்டுவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டான். அருவருப்பின்மை அவனிடம் நிரம்ப இருந்தது. நோயாளிக்கு எது ஒவ்வும், எது ஒவ்வாது என்னும் அறிவைத்தான் அவன் உள்ளம் தேடியது. நோயுற்றார்க்குச் செய்யும் தொண்டாகிய வையாவிருத்தியம் அகத்தவங்கள் ஆறனுள் ஒன்று. அத்தவத்திற்கும் கல்வி வேண்டும்.

இக்கல்வி தனித் துறையாக வளர்ந்த வரலாறு நீண்டதன்று. மனைவியைப் புற்றுநோய்க்கு இழந்த வில்லியம் மார்ஸ்டன் என்னும் மருத்துவர் 1851-இல் இலண்டனில் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கண்டார். இன்று அது ராயல் மார்ஸ்டன் எனப் பெயர் பெற்றுள்ளது. அங்குச் செவிலியர் தலைவராக விளங்கிய ராபர்ட் டிஃபனி முன்னின்று முயன்றதால் 1978-இல் இலண்டனில் புற்றுநோய்ச் செவிலியரின் முதல் உலக மாநாடு கூடியது. 1984-இல் அவர்களுக்கென உலகச் சங்கமும் அமைந்தது. அதே 1984-இல் அம்மருத்துவமனையின் செவிலியச் செயல்முறைக் கையேடு நூலாக வெளிவந்து, பின்னர்ப் பல பதிப்புகள் கண்டது. இத்தகைய சங்கங்களின் மாநாடுகளுக்கும் பாடநூல்களுக்கும் ஏழை நாட்டுச் செவிலியரின் பயணச் செலவிற்கும் மருந்து நிறுவனங்கள் பொருளுதவி செய்வது வழக்கமாயிற்று. செவிலியரின் சந்தாப் பணத்தைக் கொண்டு மட்டும் உலகளாவிய கல்வியை நடத்த இயலாது என்பது வெளிப்படை.

தேவையோ பெரிது. 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாயினர். 97 இலட்சம் பேர் மாண்டனர். 2023-இல் உலகிற்கு இன்னும் 58 இலட்சம் செவிலியர் வேண்டியிருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதின்மேல் பிழைக்கின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்கீழ். மருந்துத் தட்டுப்பாடு இதற்கு ஒரு காரணம். கற்ற கைகள் இன்மை மற்றொன்று.

ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு முயற்சியைக் காண்போம். 2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையும் பெய்லர் மருத்துவக் கல்லூரியும் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் என்னும் மருந்து நிறுவனத்தின் அறக்கட்டளையும் இணைந்து ‘குளோபல் ஹோப்’ என்னும் திட்டத்தைப் போட்ஸ்வானா, மலாவி, உகாண்டா நாடுகளில் தொடங்கின. மதிப்பீடு 10 கோடி டாலர். அதில் பாதியை ஐந்தாண்டுகளில் தருவதாக அவ்வறக்கட்டளை உறுதி கூறியது. மருத்துவரும் செவிலியருமாக 4,800 பேரைப் பயிற்றுவிப்பது குறிக்கோள். இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. குழந்தைப் புற்றுநோய்க்குப் பயன்படும் மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள். அவற்றைச் செலுத்தக் கற்பதால் எந்த நிறுவனத்தின் புது மருந்தும் மிகுதியாக விற்றுவிடப் போவதில்லை. கொடையை ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: கற்பிக்கப்படும் பாடம் கொடுப்பவரின் சரக்கைப் பற்றியதா, நோயாளியின் தேவையைப் பற்றியதா?

அதே உகாண்டா வேறொன்றிலும் உலகிற்கு முன்னோடி. புற்றுநோயின் கொடும் வலியைத் தணிக்கும் மார்பினைப் பரிந்துரைக்கும் உரிமையை, அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்க்கு 2004-இல் அந்நாடு சட்டத்தால் வழங்கியது. மருத்துவரைக் கண்ணாலும் காணாத சிற்றூர்களில், இரவெல்லாம் அலறிக் கிடந்தவர் உறங்குவதற்கு அது வழி செய்தது. அபய தானம் என்பதற்கு இதனினும் நேரான பொருள் காண்பது அரிது.

இனி, கொடுப்போர் பக்கம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி தானத்திற்கு இலக்கணம் வகுக்கிறார். தனக்கும் பிறர்க்கும் நலமுண்டாகத் தன் பொருளை விட்டுவிடுதல் தானம். ‘கொடுத்தல்’ என்பதினும் ‘விட்டுவிடுதல்’ என்பதே அங்கு அழுத்தம் பெறும் பொருள். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், கொள்பவர் ஆகிய நான்கின் சிறப்பால் தானம் சிறக்கும் என அடுத்த சூத்திரம் கூறும். நிறுவனங்களின் கொடையை நிறுத்துப் பார்க்க இவற்றினும் நல்ல துலாக்கோல் வேண்டுவதில்லை. செவிலியர்க்குப் பாடம் நடத்தப் பணம் தந்து, பாடத்திட்டத்தையும் தானே எழுதி, பயிற்சி அரங்கெங்கும் தன் மருந்தின் பெயரைத் தொங்கவிடும் நிறுவனம் பொருளை விடவில்லை, முதலீடு செய்திருக்கிறது. மூவகைச் சல்லியங்களுள் ஒன்றாக நிதானத்தை நம் ஆசாரியர்கள் வைத்தனர். பொறுமை என்னும் உலக வழக்குப் பொருளில் அன்று. அறத்திற்குப் பயனை வேண்டி நிற்கும் ஆசை என்னும் பொருளில். உள்ளே தைத்த முள் அது.

அரசுகளும் இம்முள்ளை அறிந்துள்ளன. மருத்துவர்க்கு நிறுவனங்கள் தரும் பணத்தையும் பரிசையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என 2010-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. உயர்நிலைச் செவிலியர்க்குத் தருவனவும் 2021 முதல் அக்கணக்கில் சேர்ந்தன. இந்தியாவில் 2024-இல் வெளியான மருந்து விற்பனை நெறிமுறை, மருத்துவர்க்குப் பரிசளிப்பதைத் தடுத்து, கல்வி நிகழ்ச்சிகளுக்கு உதவுவதை விதிகளுக்கு உட்படுத்தியது. இவற்றைக் கண்டு நிறுவனப் பணமே தீட்டு என்று ஒதுக்குவதும் பிழை. அவ்வாறு ஒதுக்கினால் மலாவியின் குழந்தைக்கு வேறு வழி காட்ட வேண்டும்.

விட்டுவிடுதலுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மெஹர்பாய் டாட்டா அம்மையார் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவர் கணவர் தொராப்ஜி டாட்டா பெயரால் அமைந்த அறக்கட்டளை 1941-இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனையைத் திறந்தது. 1957-இல் அதனை இந்திய அரசு ஏற்றது. பெயர் நின்றது, பிடி நீங்கியது.

2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, குறித்த அளவுக்குமேல் வளர்ந்த நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். நிதி என வழங்கும் அப்பணம் பங்குனி மாதத்தில் கணக்கு முடிக்கும் அவசரத்தில் கட்டிடமாகவும் கருவியாகவும் மாறுவதே மிகுதி. காலம் தவறிக் கொடுப்பதைத் தானத்தின் குற்றங்களுள் ஒன்றாக எண்ணிய முன்னோர், தணிக்கையாளரின் நாட்காட்டியைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! கருவிக்குப் பித்தளைப் பெயர்ப்பலகை பொறிக்கலாம். கற்ற செவிலியின் நெற்றியில் பொறிக்க இயலாது. நன்கொடையாளர் தயங்குவதற்கு இதுவே காரணமென்றால், அத்தயக்கத்தின் பெயர் மேலே சொல்லப்பட்ட சல்லியம்.

புற்றுநோய்ச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. ஒரு சிறு மருத்துவமனையிலிருந்து ஒருவர் அதற்குச் செல்ல வேண்டுமாயின், கட்டணம் மட்டும் தடையன்று. அந்த ஓராண்டும் அவர் இல்லத்திற்கு ஊதியம் செல்ல வேண்டும். அவருடைய இரவுப் பணியை ஏற்க வேறொருவர் வேண்டும். கற்று மீண்டபின் அவரை மகப்பேற்றுப் பிரிவுக்கு மாற்றிவிடாமல் புற்றுநோய்ப் பிரிவிலேயே வைத்துக்கொள்ளும் உறுதியை நிர்வாகம் எழுதித் தர வேண்டும். நம் சமூகத்தின் அறக்கட்டளைகளிலும் தொழில் நிறுவனங்களிலும் பொறுப்பிலிருப்போர் இம்மூன்றுக்குமாகத் தொகை ஒதுக்கலாம். எவரைத் தேர்ந்தெடுப்பது, எதனைக் கற்பிப்பது என்பவற்றை மருத்துவமனையும் கல்லூரியுமே முடிவு செய்யட்டும். கொடுப்பவர்க்கு அங்கே நாற்காலி வேண்டா; ஆண்டிறுதியில் அவர் தேறினாரா என்னும் ஒரு வரிக் கடிதம் வந்தால் போதும்.