கையால் கற்கும் கலை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"ஓவியம் சோறு போடுமா?" என்று நம் பெற்றோர் கேட்கின்றனர். கணக்கும் ஆங்கிலமும் வேண்டும், ஐயமில்லை. ஆயினும், கலை வேறு யாருக்கோ உரியது என்ற எண்ணத்தோடு நம் பிள்ளைகள் வளர்வது கல்விக்கு நேர்ந்த குறையன்றோ?

கலை வரலாறு நம் கீழ்க்கட்டளைக்கு அருகிலேயே இருக்கிறது. பல்லாவரத்தில்தான் 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அங்குள்ள குடைவரை, ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. மன்னனின் விருதுப் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. உளி பிடித்த கைகள் எவருடையவை? இவ்வினாவை மாணவர் கேட்க வேண்டும்.

இதற்குப் புத்தகம் மட்டும் போதாது. ஒரு சோப்புக் கட்டியையும் மழுங்கிய கத்தியையும் கொடுத்து, இரு தூண்களுள்ள சிறு மண்டபத்தைக் குடையச் சொல்லுங்கள். செதுக்கி எடுத்ததை மீண்டும் ஒட்ட இயலாது என்பதைக் கை உணரும். தூணை முன்னரே மனத்தில் கண்டு, சுற்றியுள்ளதை மட்டும் நீக்க வேண்டும் என்பதும் விளங்கும். அதன்பின் குடைவரையின் அருமை தானே புலப்படும்.

அடுத்தது களிமண். 1959-இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1850-இல் தொடங்கப்பெற்று, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்தின் முதல் இந்திய முதல்வராக 1929-இல் பொறுப்பேற்றவர் அவர். நால்வர் பாறையைப் பெயர்க்கும் காட்சி அது. ஒரு மாணவன் சுவரைத் தள்ளி நிற்க, மற்றவர்கள் பார்த்து மண்ணில் வனையட்டும். எந்தக் கால் ஊன்றுகிறது, முதுகு எவ்வாறு வளைகிறது என்று அவர்களே கண்டுகொள்வர். திரிசூலம், பல்லாவரம் குவாரிகளில் கல் உடைத்தோரின் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வீட்டிலேயே ஆசான் உண்டு. தந்தையின் உழைப்பு சிலைக்குரிய பொருள் என்றறிந்த பிள்ளை, அவர் தொழிலைச் சொல்லத் தலைகுனியாது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 மாணவர்க்கு மேல் இருப்பின், கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் பெற்றோர் இதனைக் கேட்டுப் பெற வேண்டும். ஓவியப் பாடவேளையைப் பிற பாடங்களுக்கு விட்டுக்கொடுக்கலாகாது.

இளைஞர்களே! நம் சங்கத்தின் மாலை வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். களிமண், கரித்துண்டு, பழைய செய்தித்தாள் போதும். ஆண்டிறுதியில் கண்காட்சி வையுங்கள். ஒவ்வொரு படைப்பின் கீழும் அதனைச் செய்த பிள்ளையின் பெயரை மறவாமல் எழுதுங்கள்.