பீடத்தையும் காட்டுங்கள்

(கிணத்துக்கடவில் நடைபெற்ற மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இங்கிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியே பழனி நோக்கிச் செல்வோர் பாப்பம்பட்டிக்கு அருகில் ஐவர்மலையைக் காணலாம். அயிரைமலை என்பது அதன் பழம்பெயர். அங்குள்ள இயற்கைக் குகைத்தளத்தின் மேற்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே ஒரு கல்வெட்டும் உண்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது அதன் செய்தி. வரகுணன் அரியணை ஏறிய ஆண்டு 862 என அறிஞர்கள் கணித்ததும் இக்கல்வெட்டைக் கொண்டே.

மலையைப் பெயர்த்து அருங்காட்சியகத்துள் வைக்க இயலாது. நிழற்படத்தையும் கல்வெட்டின் மசிப்படியையுமே வைக்கலாம். அவற்றின் கீழுள்ள விளக்க அட்டையில்தான் கண்காட்சி அமைப்போரின் புலமை தெரியும். ‘சமணச் சிற்பம், ஒன்பதாம் நூற்றாண்டு’ என்று எழுதுவது பொய்யன்று; ஆயினும் காண்பவர் நில்லாமல் நகர்ந்துவிடுவார். ‘ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு துறவியின் அன்றாடச் சோற்றுக்காக இங்கே பொன் வைக்கப்பட்டது’ என்று எழுதினால் பள்ளிச் சிறுவனும் நின்று படிப்பான்.

தனிச்சிலையாயின் முதற்கவலை பெயரைப் பற்றியது. வயலிலும் ஏரிக்கரையிலும் கிடைக்கும் தீர்த்தங்கரர் சிலையை ஊரார் புத்தர் என்று அழைப்பது இன்றும் உண்டு. முக்குடையும் ஆடையற்ற திருமேனியும் வேறுபாட்டை உணர்த்தும். எந்தத் தீர்த்தங்கரர் என்று அறிய இலாஞ்சனம் வேண்டும்: ஆதிநாதருக்கு எருது, மகாவீரருக்குச் சிங்கம். அது பொறிக்கப்படும் இடம் பீடம். பீடத்தைச் சிமென்டுக்குள் புதைத்துவிட்டு முகத்தில் மட்டும் விளக்கைப் பாய்ச்சினால் சிலை தன் பெயரை இழந்துவிடும். (சிங்கம் கண்ட இடமெல்லாம் மகாவீரர் என்று எழுதிவிடவும் கூடாது, அரியணையைத் தாங்கும் சிங்கங்கள் எல்லாத் தீர்த்தங்கரர்க்கும் பொது.) பழஞ்சிற்பங்கள் பலவற்றில் இலாஞ்சனமே இல்லை. அங்கே ‘தீர்த்தங்கரர்’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மை.

பாறைப் புடைப்புச் சிற்பத்துக்கு ஒளி பக்கவாட்டிலிருந்து வரவேண்டும். நேரெதிர் விளக்கு புடைப்பைத் தட்டையாக்கிவிடும். ஏட்டுச்சுவடியின் நிலை வேறு. அதற்கு 50 லக்ஸ் அளவே ஒளி போதும் என்பது அருங்காட்சியகங்கள் கொள்ளும் வரையறை. ஒளியால் நேரும் கேடு நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். இருட்டில் வைத்தாலும் மீளாது. விழாப் பந்தலின் குழல்விளக்கின் கீழ் பாட்டனார் சுவடியை விரித்து வைப்பது பக்தியே ஆயினும், சுவடிக்குப் பகை. நிழற்படத்தைப் பந்தலில் வையுங்கள். மூலத்தைப் பேழையில் காத்திடுங்கள்.

கொங்குநாட்டுச் சமணத்தைக் காட்டும் கண்காட்சி எதுவும் விஜயமங்கலத்தை விட்டு அமையாது. அங்கே சந்திரப்பிரபர் ஆலயம் இருக்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊரும் அதுவே என்பர். உ.வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்த அந்நூலுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, அப்பகுதிகள் கிடைக்கவேயில்லை. அந்நூலைக் காட்சிக்கு வைப்போர் அதன் இருபுறமும் இரண்டு வெற்றுப் பேழைகளை வைக்கலாம். அவற்றின் அட்டையில் எழுதவேண்டியது ஒரு வினாதான்: ‘உங்கள் இல்லத்துப் பரணில் சுவடிகள் உள்ளனவா?’