இணையத்தில் நாம் கண்டவை

 

வெள்ளி விழாவிலே பேச வேண்டும் என்று சங்கத்தார் பணித்தபோது, கல்வியின் சிறப்பைப் பற்றியே பேசுவோம் என எதிர்பார்த்திருப்பார்கள். கல்வி சிறந்தது என்பதை இச்சபைக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதை அறிந்தமையால்தான் நீங்கள் சங்கம் கண்டீர்கள். ஆதலால், இன்று நம் இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்ற கைப்பேசியைப் பற்றிப் பேச விழைகின்றோம். இரவில் பள்ளிக் கணக்குகளை முடித்த பின்னர் அரை மணி நேரம் இணையத்தில் உலவுவது சில ஆண்டுகளாக நம் வழக்கம். அங்கே கண்டவற்றுள் சிலவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அக்குறிப்பேட்டின் சில பக்கங்களையே இங்கே விரித்துரைக்கின்றோம்.

முதலில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் அறிஞர்கள் பலருக்கும் பொதுவாக ஒரே ஒரு காபிக் குடுவை இருந்தது. மாடி இறங்கி நடந்து வந்து பார்த்தால், பல வேளைகளில் குடுவை காலியாக இருக்கும். இந்த வீண் நடையைத் தவிர்ப்பதற்காக 1991-ஆம் ஆண்டில் குடுவைக்கு எதிரே ஒரு படக்கருவியைப் பொருத்தி, குடுவையின் படம் தத்தம் கணினியிலேயே தெரியுமாறு செய்தார்கள். 1993-இல் அப்படம் உலகளாவிய வலையில் ஏற்றப்பட்டது. ஒரு காபிக் குடுவையை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது! 2001-இல் அக்கருவி நிறுத்தப்பட்டபோது, பழுதடைந்த அக்குடுவை மூவாயிரம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று.

கேட்டுச் சிரிக்கின்றீர்கள், நாமும் படித்தபோது சிரித்தோம். பின்னர்ச் சிந்தித்தோம். நம் தாய்மார்கள் ஒரு சாதிச் சான்றுக்காகவும் ஒரு வருமானச் சான்றுக்காகவும் கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை தாலுகா அலுவலகத்துக்கு நடந்திருக்கின்றார்கள்! அங்கே போன பின்னரே, அலுவலர் வரவில்லை என்பது தெரியும். இன்று அச்சான்றுகளுக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்பதையும் எண்ணைக் கொண்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆயினும், நம் பள்ளியில் 12-ஆம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேர்ந்த மாணவி ஒருத்தி, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்து மூன்றாம் நாள் நம்மிடம் வந்து நின்றாள். அந்த அறிவிப்பு ஒரு மாத காலமாக இணையத்தில் இருந்தது. அவளுடைய அண்ணன் கையில் விலையுயர்ந்த கைப்பேசி இருந்தது. அவ்வாண்டுக் கட்டணத்துக்குத் தாயின் தோடு அடகுக்குப் போயிற்று. அந்தத் தம்பியை நாம் கடிந்துகொள்ளவில்லை. கைப்பேசியில் அப்படியொரு பக்கம் உண்டென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களுக்கு இனி அந்தச் சாக்கு இல்லை.

அடுத்து, ஆப்பிரிக்கக் கண்டத்து மலாவி நாட்டைப் பற்றிய ஒரு செய்தி. வில்லியம் கம்குவாம்பா என்னும் சிறுவன் 1987-இல் பிறந்து, கசுங்கு மாவட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் வளர்ந்தவன். 2001-ஆம் ஆண்டில் மழை பொய்த்து, அடுத்த ஆண்டு கொடும் பஞ்சம் வந்தது. ஒரு வேளைக் கஞ்சிக்கே வழியில்லாத வீட்டில் உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் கட்ட இயலுமா? படிப்பு நின்றது. நின்ற பிள்ளை என்ன செய்தான்? ஊர்த் தொடக்கப்பள்ளியில் இருந்த சிறு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தான். ஆங்கிலம் சரளமாக வராது. படங்களைப் பார்த்து, படத்தின் கீழுள்ள சொற்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். ஆற்றலைப் பற்றிய அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் அட்டையில் காற்றாலைகள் வரிசையாக நின்றன. இவற்றை மனிதர்கள்தாமே செய்தார்கள், நாமும் செய்யலாம் என்று துணிந்தான்.

குப்பைமேட்டில் பொறுக்கிய டிராக்டர் விசிறி, உடைந்த மிதிவண்டியின் சட்டம், சூடேற்றித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாய், மிதிவண்டி விளக்குக்கான டைனமோ, காட்டு மரத்தால் நட்ட கோபுரம்: இவையே அவனுடைய மூலதனம். ஊரார் அவனைப் பித்தன் என்றனர். காற்று வீசியது, விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது. அப்போது அவனுக்கு வயது 14 அல்லது 15.

இதில் இணையம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். 2006-இல் மலாவிச் செய்தித்தாள் ஒன்று அவனைப் பற்றி எழுதிற்று. அதை இணையத்தில் எழுதுவோர் பரப்பினர். 2007-இல் தான்சானியாவின் அருசா நகரில் நடந்த மாநாட்டு மேடைக்கு அவன் அழைக்கப்பட்டான். அந்நாட்களில்தான் முதன்முறையாக இணையத்தைக் கண்டான். காற்றாலை என்று தேடுமாறு அவனிடம் சொன்னார்கள். தேடினான், இலட்சக்கணக்கான பக்கங்கள் வந்து நின்றன. இத்தனை காலம் இது எங்கே இருந்தது என்று அவன் வியந்தானாம். 2014-இல் அமெரிக்க நாட்டு டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றான்.

ஒரு நூலைக் கொண்டு காற்றாலை செய்தவனுக்குக் கோடிப் பக்கங்கள் பின்னர்க் கிடைத்தன. நமக்கோ கோடிப் பக்கங்கள் முன்னரே கிடைத்துவிட்டன. நாம் எந்த விளக்கை ஏற்றினோம் என்று மாணவர்களை நாம் கேட்பதுண்டு. அவர்கள் தலையைக் குனிந்துகொள்கின்றார்கள், சிலர் சிரிக்கின்றார்கள்.

தசரத் மாஞ்சி அவர்களின் படத்தை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். பீகார் மாநிலம் கயைக்கு அருகில் கெலவுர் என்னும் சிற்றூர். உளியும் சுத்தியலும் கொண்டு 1960 முதல் 1982 வரை 22 ஆண்டுகள் தனி மனிதராக மலையைக் குடைந்து, ஏறத்தாழ 360 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள வழியை உண்டாக்கினார். மலையைக் கடக்கையில் அவர் மனைவி அடிபட்டதும், மருத்துவ வசதி மலைக்கு அப்பால் இருந்ததும் அவரை உளி எடுக்க வைத்தன. 2007-இல் மறைந்தார். நம் கைப்பேசிக்கு வரும் செய்திகள் இதனை ஒரு காதல் கதையாகவும், உழைத்தால் எதுவும் முடியும் என்பதற்குச் சான்றாகவும் கூறி முடித்துவிடுகின்றன. அவர் முசகர் என்னும் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தவர் என்பதை அச்செய்திகளில் பெரும்பாலானவை சொல்வதில்லை. விடுதலை பெற்ற நாட்டில் ஓர் ஊருக்குப் பாதை வேண்டுமாயின் அதை அமைப்பது யாருடைய கடமை? அக்கடமையைச் செய்யாத அரசின் பிழையை ஓர் ஏழையின் 22 ஆண்டு ஆயுள் ஈடுசெய்தது. அவரை நாம் வணங்குகின்றோம்; ஆனால் ஒவ்வொரு சேரியிலும் ஒரு மாஞ்சி பிறக்க வேண்டும் என்று நாம் விரும்பவில்லை. சாலை வரவேண்டும் என்றே விரும்புகின்றோம். இணையத்தில் ஊக்கமூட்டும் கதை ஒன்றைக் காணும்போது, அதில் விடப்பட்டது எது என்றும் பார்க்கப் பழகுங்கள்.

இனி, நம் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்துள்ள பக்கம். 1936-இல் லாகூர் நகரத்து ஜாத்-பாத்-தோடக் மண்டலம் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை வகிக்க அண்ணல் அம்பேத்கர் அவர்களை அழைத்தது. அவர் எழுதிய உரையைக் கண்டு அஞ்சி, சிலவற்றை மாற்றச் சொன்னது. ஒரு காற்புள்ளியும் மாறாது என்று அண்ணல் மறுத்தார். மாநாடே கைவிடப்பட்டது. பேசப்படாத அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். அவை இரண்டே மாதங்களில் தீர்ந்தன. விரைவிலேயே தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது. மேடை மறுக்கப்பட்ட அந்த உரையை இன்று அவர் பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகமே தன் இணையப் பக்கத்தில், எவரும் விலையின்றிப் படிக்குமாறு வைத்திருக்கின்றது.

அதே இடத்தில் அண்ணலின் மற்றொரு சிறு நூலும் உள்ளது. விசாவுக்காகக் காத்திருத்தல் என்பது அதன் பொருள். 1901-ஆம் ஆண்டில் நடந்ததை அதிலே எழுதுகின்றார். தந்தையார் வேலை பார்த்த ஊருக்குச் சிறுவர்கள் தனியே இரயிலில் வருகின்றனர். நல்லுடை உடுத்து, மசூர் நிலையத்தில் இறங்கிக் காத்திருக்கின்றனர். தந்தையாருக்குக் கடிதம் கிட்டவில்லை; எவரும் வரவில்லை. அன்போடு விசாரித்த நிலைய அதிகாரி, மகர் சாதிப் பிள்ளைகள் என்று அறிந்ததும் முகம் மாறி விலகிப் போகின்றார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கின்றனர். இறுதியில் ஒருவன் இரட்டைக் கூலிக்கு இசைகின்றான். ஆனால் பிள்ளைகள் வண்டியை ஓட்ட வேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவானாம்! கையில் உணவு இருந்தும், குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லாமையால் உண்ண முடியாமல் இரவைக் கழித்தனர். இந்நூல் சிறிது, ஒரு மாலையில் படித்து முடிக்கலாம். நம் ஒன்பதாம் வகுப்பில் இந்நிகழ்ச்சியைத் தமிழில் சொன்னபோது, கடைசி வரிசையில் எந்நாளும் பேசிக்கொண்டிருக்கும் மாணவர்களும் அசையாமல் இருந்தார்கள். ஒருவன் மட்டும், அந்தப் பிள்ளைகள் கடைசியில் தண்ணீர் குடித்தார்களா ஐயா என்று கேட்டான்.

மருந்து இருக்கும் அலமாரியிலேயே நஞ்சும் இருக்கின்றது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோவிலுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்தியே அதற்கு வித்து. அதே ஆண்டு சூலை முதல் நாள் மகாராட்டிரத்துத் துளே மாவட்டத்தில் ஐவர் அவ்வாறே கொல்லப்பட்டனர். அவர்கள் யாசித்து வாழும் நாடோடிச் சமுதாயத்தினர். வதந்தி முதலில் யாரைத் தேடிப் போகின்றது, பார்த்தீர்களா? அதன் பின்னரே ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு நம் நாட்டில் வரம்பு விதிக்கப்பட்டது. சாதிப் பெருமை பேசும் காணொளிகளைக் குறித்தும் பேசலாம். பேசினால் பொழுது போதாது. அவற்றுக்கு மறுமொழி எழுதி இரவைக் கழிக்கும் இளைஞர்களுக்கு ஒன்றே சொல்வோம்: அந்த இரவில் தேர்வுக்கான இரண்டு பாடங்களைப் படித்திருக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் ஊரின் பெயரையும் நம் குடியிருப்பின் பெயரையும் அண்மையில் இணையத்தில் தேடினோம். வந்தவை ஒரு வழக்குச் செய்தி, ஒரு கலவரச் செய்தி, ஒரு பேருந்து நேரப் பட்டியல். 25 ஆண்டுகள் இச்சங்கம் நடத்திய இரவுப் பள்ளி இல்லை. இங்கே பயின்று செவிலியரும் ஆசிரியரும் ஆனவர்கள் இல்லை. பிடியரிசி சேர்த்துக் கட்டடம் எழுப்பிய தாய்மார்கள் இல்லை. பிறர் நம்மைப் பற்றி எழுதியது இருக்கின்றது. நாம் எழுதியது இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ஒரு பைசா விலையில் இதழ் நடத்தினார். அதற்கு அச்சுக்கூடமும் பொருளும் வேண்டியிருந்தன. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் நடைபெறுகின்றது. அதில் எழுதக் கட்டணம் இல்லை, சாதி கேட்பாரும் இல்லை. ஆனால் எழுதுவதற்கு அச்சில் வந்த சான்று கேட்பார்கள். நம் சங்கத்தைப் பற்றிப் பிறர் அச்சிட்டவை மிகச் சில. அவற்றையும் தேடிச் சேர்க்க வேண்டும். இந்த வெள்ளி விழா மலரும் அவற்றோடு ஒரு சான்றாக நிற்கட்டும்.

ஆகவே, சங்கத்தின் தொடக்கக் கால நடவடிக்கைக் குறிப்பேடுகள், துண்டறிக்கைகள், நிழற்படங்கள், பழைய செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவை யாரிடம் இருப்பினும் கொண்டுவந்து தாருங்கள். படியெடுத்துக்கொண்டு அவரவரிடமே திருப்பித் தருவோம். படங்களில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்ல வல்ல முதியவர்கள் இன்னும் சிலரே நம்மிடையே உள்ளனர். அவர்களை முதலில் அழைத்து வாருங்கள். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை சங்க நூலகத்தில் இருப்போம். தட்டச்சு அறிந்த மாணவர் இருவர் இப்போதே பெயர் கொடுத்துள்ளனர். இன்னும் நால்வர் தேவை.