பழைய காரும் புதிய பாகமும்



சுவர் எழுப்பும் மேசன் வரிக்கு வரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கின்றான். சுவர் கோணியிருப்பின் அவன் சுவரைத் திருத்துவானேயன்றித் தூக்குநூலைப் பிடித்து இழுக்கமாட்டான். இஃது எவரும் அறிந்த செய்தி. ஆயினும், பழைய மோட்டார்க் காரின் சில்லுகளை நேராக்கப் புகும்போது இவ்வெளிய உண்மையைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இதனை விளக்குவதற்கு 'மினி' என்னும் சிறிய கார் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். 1956இல் எழுந்த சூயஸ் நெருக்கடியினால் பிரித்தானியாவில் பெற்றோல் தட்டுப்பாடு தோன்றிற்று. குறைந்த எரிபொருளில் நால்வர் செல்லத்தக்க சிறு காரொன்று வேண்டும் என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் பத்தடி நீளத்துள் அக்காரை அமைத்துக் காட்டினார். 1959 ஆகஸ்ட் மாதத்தில் வெளிவந்த மினி, 2000ஆம் ஆண்டுவரை 53 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியாயிற்று. இலங்கையின் வீதிகளிலும் அதனை இன்றும் காணலாம். காரின் உற்பத்தி நின்றபோதிலும் உதிரிப்பாகங்களின் உற்பத்தி நின்றுவிடவில்லை. பழைய பாகத்தைப் போன்றனவும், பழைய காரில் இல்லாத வசதியைத் தருவனவுமாகப் பலவற்றைப் பிற நிறுவனங்கள் செய்து விற்கின்றன. சில்லுகளின் சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் பாகங்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

சில்லு நிற்கும் நிலையை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன. காரை முன்னிருந்து நோக்கும்போது சில்லின் மேற்பகுதி வெளியேயோ உள்ளேயோ சாய்ந்திருப்பது முதலாவது. இதனைக் கராச்சுகளில் 'கேம்பர்' என்பர். சில்லு எந்த அச்சைப் பற்றி இடமும் வலமும் திரும்புகின்றதோ, அந்த அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது இரண்டாவது, இது 'காஸ்ரர்'. வளைவில் திருப்பிய சுக்கான் தானாகவே நேருக்கு மீள்வது பெரிதும் இதனாலேயே. இரு சில்லுகளின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ நிற்பது மூன்றாவது, இது 'டோ'. முதலிரண்டு அளவுகளும் இருபுறமும் ஒத்திராவிடின் கார் ஒரு பக்கம் இழுக்கும். மூன்றாவது பிழைத்தால் ரயர் அரத்தால் அராவியதுபோல் தேயும்.

மினியின் முன்சில்லுகளுக்குக் காஸ்ரர் ஏறத்தாழ 3 பாகை. கேம்பர் 1 முதல் 3 பாகை வரை வெளிச்சாய்வு. முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட 1/16 அங்குலம் விரிந்து நிற்றல் வேண்டும். இயந்திரம் முன்சில்லுகளையே இயக்குவதால், ஓடும்போது அவை உள்நோக்கித் திரும்ப முயலும். அதனை ஈடுசெய்யவே இந்த விரிவு. பின்சில்லுகளோ முன்விளிம்பில் 1/8 அங்குலம் நெருங்கி நிற்க வேண்டும்.

இவற்றுள் முன்சில்லுகளின் டோ அளவு ஒன்றையே முடுக்கித் திருத்துவதற்கு மூலக் காரில் வசதியுண்டு. ஏனையவை பாகங்களின் நீளத்தாலேயே நிலைபெற்றவை. இக்குறையை நீக்கவே புதிய பாகங்கள் வந்தன. சில்லைத் தாங்கும் கீழ்க்கையிலிருந்து முன்னோக்கிச் சென்று சட்டத்தின் முன்புறத்தில் பொருந்தும் கம்பியொன்று உண்டு. மரையிட்ட புதிய கம்பியைப் பூட்டிச் சுருக்கினால், கீழ்க்கை முன்னே நகரும், காஸ்ரர் கூடும். கீழ்க்கையே நீட்டத்தக்கதாயின், சில்லின் அடிப்பகுதி வெளியே தள்ளப்படும். மேற்பகுதி உள்ளே சாயும். பின்சில்லுகளுக்கும் சாய்வைத் திருத்தும் தாங்கிகள் உள்ளன. இவை நல்ல கருவிகளே. ஆயின், எதற்காக அவற்றைப் பூட்டுகின்றோம் என்பதிலேதான் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன.

இளைஞர் ஒருவர், தம் தந்தையார் ஓட்டிய மினியைப் பல்லாண்டுகளின்பின் மீண்டும் வீதிக்குக் கொண்டுவருகின்றார் எனக் கொள்ளலாம். கார் இடப்புறம் இழுக்கின்றது. பிறேக்கை அழுத்தினால் இழுப்பு மேலும் மிகுகின்றது. மரையிட்ட கம்பியைப் பற்றிக் கேள்வியுற்ற அவர், ஒரு சோடியை வாங்கிக்கொண்டு முதிய மெக்கானிக் ஒருவரிடம் செல்கின்றார்.

"இடப்பக்கக் கம்பியைச் சற்றே சுருக்கிவிடுங்கள், ஐயா, இழுப்பு நின்றுவிடும்" என்கின்றார்.

முதியவர் கம்பிகளைக் கையில் வாங்கிப் பார்க்கின்றார். "நல்ல கம்பிதான் தம்பி. சுருக்கினால் இழுப்பு நிற்கும்; இழுப்பின் காரணமும் நிற்குமா?" என வினவுகின்றார்.

பின்னர் அவர் காரை உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்துகின்றார். இரும்புக் கோலொன்றைப் பழைய கம்பியருகே செருகி நெம்புகின்றார். கம்பி முன்னும் பின்னும் அசைகின்றது. அதன் முனையைப் பற்றியிருந்த இறப்பர் புஷ், எண்ணெயில் ஊறி வெடித்துப் பாதி கரைந்துபோயிருக்கின்றது. பிறேக்கை அழுத்துந்தோறும் இடச்சில்லு பின்னோக்கி நகர்ந்தது; அப்போது அதன் காஸ்ரர் குறைந்தது; கார் குறைந்த பக்கமாகவே இழுத்தது. புஷ்ஷை அப்படியே விட்டு இளைஞர் விரும்பியவாறு கம்பியைச் சுருக்கியிருந்தால், சீரான பாதையில் கார் நேராகவே ஓடியிருக்கும். நோய் தீர்ந்ததென அவரும் மகிழ்ந்திருப்பார். மழைநாளொன்றில் பிள்ளையொன்று வீதியின் குறுக்கே ஓடிவர, பிறேக்கை முழுப்பலத்துடன் அழுத்தும் அக்கணத்தில் சில்லு மீண்டும் இடம்பெயர்ந்திருக்கும். தூக்குநூலை இழுத்த மேசனின் சுவர் விழுந்தால் யார்மேல் விழுமென்று எவராலும் கூறவியலாது.

ஆதலின், பூட்டுவதற்கு முன் சோதித்தலே முதற்கடன். ரயர்களின் காற்றழுத்தத்தைச் சமப்படுத்துக. முன் ரயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்க. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் ரயருடையது. மழைநீர் வடிவதற்காக வீதிகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், இடப்புறமாக ஓட்டும் இலங்கையில் சிறிதளவு இடச்சாய்வு இயல்பே என்பதையும் மறத்தலாகாது. அடுத்துப் பந்து மூட்டுகள், புஷ்கள், சில்லுத் தாங்கிகள், பிறேக்குகள் ஆகியவற்றை ஆராய்க. மினியின் பின்கைகளிலுள்ள தாங்கிகள் கிறீஸ் காணாது தேய்ந்தால் பின்சில்லுகள் மேற்புறம் உள்ளே சாயும். அதற்கு மருந்து புதிய தாங்கியேயன்றிச் சாய்வைத் திருத்தும் பாகமன்று. உருக்கு வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்ற்றன் வடிவமைத்த இறப்பர்க் கூம்புகளே பெரும்பாலான மினிகளைத் தாங்குகின்றன. அவை ஆண்டுகள் செல்ல அமுங்கும், கார் தாழும், தாழ்ந்தால் சாய்வும் மாறும். தேய்ந்தவற்றை மாற்றி, உயரத்தைச் சீராக்கிய பின்னரே அளவெடுத்தல் தகும்.

அளப்பதற்குச் சமதளமான நிலம் வேண்டும். கையிற் பொறியில்லாதார்க்கு மேசனின் தூக்குக்குண்டே போதிய துணையாகும். மேலும் கீழுமாக 10 அங்குல இடைவெளியுள்ள இரு புள்ளிகளில் நூலுக்கும் சில்லுக்கும் இடையேயுள்ள தூரங்கள் ஏறக்குறைய 4½ மில்லிமீற்றர் வேறுபடின், அது 1 பாகைச் சாய்வு. கண்ட அளவுகளை இருபுறத்துக்கும் தனித்தனியே எழுதி வைத்தல் நன்று. புதிய கம்பியைப் பழைய கம்பியின் நீளத்துக்கே முதலில் அமைத்துப் பூட்டவேண்டும். அவ்வாறு செய்தால், தொடங்கிய இடத்துக்கு மீளும் வழி எப்போதும் திறந்திருக்கும். இறப்பர் புஷ்களைக் கொண்ட கீழ்க்கையின் திருகாணிகளைக் காரின் பாரம் சில்லுகளில் அமர்ந்த பின்னரே இறுதியாக முடுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முடுக்கினால் இறப்பர் முறுகிக் கிழியும். பின்னர்க் காரைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, மீண்டும் அளத்தல் வேண்டும்.

திருத்தும் ஒழுங்கும் முக்கியமானது. முதலில் உயரம், அடுத்துக் கேம்பர், அதன்பின் காஸ்ரர், எல்லாவற்றுக்கும் இறுதியில் டோ. முன்னவற்றுள் எதனை அசைத்தாலும் டோ தானே மாறிவிடும். ஆகையால் அதனை முதலில் திருத்தியவர் இருமுறை உழைக்க நேரும். சுக்கானை இருபுறமும் இறுதிவரை திருப்பி, பிறேக் குழாயிலோ சட்டத்திலோ சில்லு உராயாதிருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். வீல் எலைன்மன்ற் நிலையத்தில் இறுதி அளவைச் சரிபார்த்துக்கொள்வது சிக்கனத்துக்கு மாறானதன்று.

மரையிட்ட பாகம் எதுவும் அதன் பூட்டு நட்டின் வலிமையையே நம்பி வாழ்கின்றது. பிறேக் பிடிக்கும்போது சில்லைப் பின்னே செல்லவிடாது தடுப்பது அந்தக் கம்பியே. அதன் நட்டுத் தளர்ந்தாலும், நீட்டும் ஆசையால் மரையின் சில சுற்றுகள் மட்டுமே பற்றியிருந்தாலும், காரின் கட்டுப்பாடு அங்கேயே குலைந்துவிடும். சிலநாள் ஓட்டிய பின்னர் நட்டுகளைத் திரும்பவும் முடுக்கிப் பார்த்தல் கட்டாயமாகும். இறப்பருக்குப் பதிலாகக் கடினமான புஷ்களை இடுவோர், குழியிலும் பள்ளத்திலும் பெறும் அதிர்ச்சியைப் பழைய சட்டம் நேராகவே தாங்கவேண்டிவரும் என்பதை எண்ணுதல் வேண்டும். துருவேறிய சட்டத்தில் எந்தப் புதிய பாகமும் நிலைக்காது.

நம் இளைஞர் வாங்கிய கம்பிகள் வீணாகவில்லை. முதியவர் இருபுறமும் புதிய புஷ்களை இட்டு, அக்கம்பிகளைப் பழைய நீளத்துக்கே அமைத்துப் பூட்டி அளந்தார். காஸ்ரர் இருபுறமும் ஏறக்குறைய ஒத்தே இருந்தது. சிறு வேறுபாட்டை நீக்க ஒரு நட்டின் அரைச்சுற்றே போதுமாயிற்று. கார் நேராக ஓடியது. பிறேக் பிடித்தபோதும் நேராகவே நின்றது.

முற்காலத்தில் தொழிற்சாலையார் நிலைநிறுத்திய அளவை மாற்றும் வல்லமையைப் புதிய பாகம் உரிமையாளரின் கையிலே தருகின்றது. வல்லமை கைமாறும்போது பொறுப்பும் கைமாறுகின்றது. சுவரைத் திருத்துவோர் அதனைப் பயன்படுத்துக. தூக்குநூலை இழுக்க எண்ணுவோர் அதனைத் தொடாதிருப்பதே வீதியிற் செல்வோர் யாவர்க்கும் நன்மை.